வேலையில் நேரும் விபத்தும் தொழிலாளர் நஷ்ட ஈடும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவில் அதியமான்கோட்டை இருக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலின் பெயரைத் தாங்கிய இவ்வூர் நல்லம்பள்ளி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. காலபைரவர் கோயிலுக்கு வருவோரும், சென்னராயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களைக் காண வருவோரும் ஊரின் பழமையைப் பேசிச் செல்வர். நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது பழமையன்று. இவ்வூரிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் புறப்படும் மக்களின் கையும் காலும் கண்ணும் நுரையீரலுமே நம் பொருள்.

இப்பகுதி வானம் பார்த்த பூமி. மண்ணின் கீழே சில அடிகளிலேயே பாறை தட்டும். ஆதலால் கிணறு வெட்டுவது இங்கே எளிய வேலையன்று. வேட்டு வைத்துப் பாறையைத் தகர்த்து, உடைந்த கல்லைக் கூடையில் இட்டு, மேலிருந்து இயந்திரத்தால் தூக்கவேண்டும். கீழே நிற்பவன் தலைக்கு மேலே கற்கூடை ஊசலாடும். இதைத் தவிரக் கல்குவாரிகளும், கல் அரைக்கும் ஆலைகளும், செங்கற் சூளைகளும், கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும், பட்டு நூற்கும் இடங்களும் மாவட்டமெங்கும் உள்ளன. புளி உலுக்கும் பருவத்தில் மரம் ஏறுவோர் பலர். அண்மைக்காலத்தில் தடங்கம், அதகபாடி, பாலஜங்கமனஹள்ளி, அதியமான்கோட்டை ஆகிய கிராமங்களை ஒட்டிச் சிப்காட் தொழிற்பூங்கா அமைகின்றது. நேற்றுவரை ஏர் பிடித்தவர் இன்று சாரத்தின் மீது ஏறிக் கம்பி கட்டுகிறார். மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் செல்வோர் தொகையும் சிறிதன்று.

இவ்வேலைகள் யாவிலும் விபத்து நேரும் என்பதை யாவரும் அறிவர். விபத்து நேர்ந்தபின் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் சட்டப்படி உரியது என்ன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. பாதிக்கப்பட்டோருக்குத்தான் தெரியவில்லை என்றால் வியப்பில்லை. பஞ்சாயம் பேசித் தீர்த்துவைக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், வேலை கொடுத்த மிராசுதாரருக்கும், சில சமயங்களில் ஊராட்சித் தலைவருக்குமே தெரிவதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஒன்றியத்தில் நான் பணியாற்றியபோது, வீடு கட்டும் திட்டத்துக்கு மனுக் கொடுக்க ஒரு பெண் அலுவலகம் வந்தார். அவர் நீட்டிய காகிதங்களுக்கிடையே ஒரு முத்திரைத் தாளும் இருந்தது. “என் கணவர் தம் கவனக் குறைவினாலேயே கிணற்றில் விழுந்து இறந்தார், மனிதாபிமானத்தை முன்னிட்டு ரூ. 75,000 பெற்றுக்கொண்டேன்; இனி எக்காலத்தும் யாதோர் உரிமையும் கோரமாட்டேன்” என்று அதில் எழுதி, கீழே அவருடைய பெருவிரல் ரேகையைப் பதித்து, ஊரார் ஐவர் சாட்சிக் கையொப்பம் இட்டிருந்தனர். “தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனீர்களா அம்மா?” என்று கேட்டேன். “அதெல்லாம் கம்பெனியில வேலை செய்றவங்களுக்குத்தானுங்களே சார்” என்றார். கணவர் இறந்து ஒன்றே முக்கால் ஆண்டு கடந்திருந்தது. இன்னும் மூன்று மாதம் தாமதித்திருந்தால் மனுச் செய்யும் தவணையே தப்பியிருக்கும். அவரைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினோம். வழக்கு நடந்தது. அந்த முத்திரைத் தாள் செல்லாது எனத் தள்ளப்பட்டது. அவருக்குப் பின்னர்க் கிடைத்த தொகை அதில் கண்ட தொகையைப் போலப் பல மடங்கு.

சாட்சிக் கையொப்பம் இட்ட ஐவரும் தீயவர்கள் அல்லர் என்பதை நான் சொல்லியாகவேண்டும். ஏழைப் பெண்ணுக்கு ஏதோ ஒரு தொகை உடனே கைக்கு வரட்டும் என்ற நல்லெண்ணமே அவர்களுக்கு இருந்திருக்கும். சட்டம் தெரியாத நல்லெண்ணம் ஒரு குடும்பத்தின் இருபது வருஷ வாழ்வை ஒரு மாலைப் பொழுதில் பேசி முடித்துவிட்டது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 2009-ம் ஆண்டுத் திருத்தத்தால் ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ எனப் பெயர் மாறிற்று. 2020-ம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அத்தேதிக்கு முன் நேர்ந்த விபத்துக்களுக்குப் பழைய சட்டமே அளவுகோல். இரண்டிற்கும் அடிப்படைக் கொள்கை ஒன்றே. வேலையினால் எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளிக்கு உடற்காயம் ஏற்பட்டால், வேலை கொடுத்தவர் நஷ்ட ஈடு தரவேண்டும் என்பதே அது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். குற்றம் யாருடையது என்ற கேள்வி இதில் எழுவதே இல்லை. முதலாளி கொடியவர் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. ‘அவன் பார்த்து இறங்கியிருக்கலாமே’ என்று முதலாளி சொல்லித் தப்பவும் முடியாது. குடிபோதையில் இருந்தான், பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறினான், இயந்திரத்தின் காப்பு மறைப்பை வேண்டுமென்றே கழற்றினான் என்னும் மூன்று காரணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் மரணமோ, முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அம்மூன்றும்கூடச் செல்லா. ஆகவே மேற்சொன்ன முத்திரைத் தாளில் இருந்த ‘கவனக் குறைவு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தின் முன் ஒரு மதிப்பும் இல்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றே சட்டம் கூறுகிறது. மரணம் நேர்ந்த இடத்தில் நஷ்ட ஈட்டை வாரிசுகள் கையில் நேரே கொடுப்பதும் கூடாது, அதிகாரியிடம் செலுத்தவேண்டும். முன்பணமாக மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத தொகையைக் கொடுத்தால், அதை மட்டும் கழித்துக்கொள்ளப் பழைய சட்டம் இடம் தந்தது.

‘நிலையான வேலைக்காரனுக்குத்தான் இது, தினக்கூலிக்கு இல்லை’ என்ற எண்ணம் கிராமங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. அது முன்னொரு காலத்தில் ஓரளவு உண்மை. தற்காலிக வேலையாளை விலக்கிவைத்த சொற்றொடர் 2000-ம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீக்கப்பட்டுவிட்டது. கட்டட வேலை, குவாரி வேலை, ஆழ்குழாய்க் கிணற்று வேலை, டிராக்டர் முதலிய இயந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாயம், மரம் வெட்டுதல், பனை ஏறிக் கள் இறக்குதல் ஆகியன சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றவை.

தொகையைக் கணக்கிடும் முறை கடினமானதன்று. மரணத்துக்கு மாதக் கூலியில் பாதியும், முழு நிரந்தர ஊனத்துக்கு நூற்றுக்கு அறுபதும் எடுத்து, வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்கவேண்டும். அவ்வெண் 25 வயதுக்கு 216.91, 35 வயதுக்கு 197.06, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. கூலி எவ்வளவு உயர்ந்ததாயினும் கணக்குக்கு மாதம் ரூ. 15,000 வரையே கொள்ளலாம் என மத்திய அரசு 2020 ஜனவரியில் நிர்ணயித்தது.

கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர், வயது 35, மாதக் கூலி ரூ. 15,000 அல்லது அதற்கு மேல் எனக் கொள்வோம். அவர் வேலையில் உயிரிழந்தால் ரூ. 7,500-ஐ 197.06-ஆல் பெருக்க வருவது ரூ. 14,77,950. உயிர் பிழைத்து ஒரு கைப் பெருவிரலை மட்டும் இழந்தால் என்ன? அட்டவணையில் பெருவிரல் இழப்பு நூற்றுக்கு 30 பங்கு ஊனம். முழு ஊனத்துக்குரிய தொகை ரூ. 17,73,540; அதில் 30 பங்கு ரூ. 5,32,062. கரும்பு ஆலையின் உருளையில் விரல் சிக்கி நசுங்கியவர்களை நம் பக்கத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் மருத்துவமனைச் செலவுக்கு மேல் ஒரு ரூபாயேனும் பெற்றிருப்பர் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். மருத்துவச் செலவும் வேலை கொடுத்தவருடைய பொறுப்பே என 2009-ம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கிவிட்டது. அது நஷ்ட ஈட்டில் கழிக்கத்தக்கது அன்று.

காயம் ஆறிச் சில வாரங்களில் வேலைக்குத் திரும்பக்கூடிய நிலையாயின், மாதக் கூலியில் நாலில் ஒரு பங்கு வீதம் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கொடுத்துவரவேண்டும். மூன்று நாட்களுக்கு மேற்படாத ஊனத்துக்கு நஷ்ட ஈடு இல்லை.

அட்டவணையின் விழுக்காடே முடிந்த முடிபு என்றும் கொள்ளலாகாது. ஒரிசாவில் ஜெய்ப்பூர் என்னும் ஊரில் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை செய்த தச்சர் ஒருவர் 1968-ம் ஆண்டில் விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை போயிற்றே தவிர மறு கை இருக்கிறதே, இது முழு ஊனம் ஆகுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆதலின் அவரளவில் அது முழு ஊனமே என நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு விபத்து நேர்ந்த அன்றே கொடுபடத்தக்கதாகிறது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிடில் ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையேல் தொகையில் பாதி வரை தண்டமும் உண்டு.

கிராமத்துக் கடன் வழக்கம் அறிந்தோருக்குச் சட்டத்தின் மற்றொரு விதி மிக முக்கியமாகத் தோன்றும். நஷ்ட ஈட்டுத் தொகையை ஜப்தி செய்ய முடியாது. பிறருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. அதில் எந்தப் பாக்கியையும் கழித்துக்கொள்ளவும் முடியாது. சூளைக்கு ஆள் சேர்க்கும்போது கொடுத்த முன்பணத்தைக் காட்டி, ‘அதில் இதைக் கழித்துவிட்டேன்’ என்று முதலாளி சொன்னால் அது செல்லாது. வட்டிக்குக் கொடுத்தவரும் இதன்மேல் கை வைக்க இயலாது.

உலக நாடுகள் வகுத்த அளவு

தொழிலில் ஏற்படும் சேதத்தைத் தொழிலே தாங்கவேண்டும் என்ற கொள்கை மேல்நாடுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று. இதில் இரு வழிகள் பிரிந்தன. ஜெர்மனி 1884-ல் முதலாளிகள் அனைவரும் சேர்ந்து பணம் செலுத்தும் பொது இன்ஷூரன்ஸ் நிதியை அமைத்தது. பிரிட்டன் 1897-ல் அந்தந்த முதலாளி தத்தம் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. நாம் 1923-ல் பின்பற்றியது பிரிட்டனின் வழி. இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. நம் கிராமங்களின் இன்றைய இடர் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1919-ல் தோன்றிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தொடக்க ஆண்டுகளிலேயே இத்துறையில் இறங்கிற்று. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் இருந்தால் விவசாயக் கூலியையும் அதே சட்டத்தில் சேர்க்கவேண்டும் என 1921-ல் ஓர் உடன்பாடு செய்தது. 1925-ல் விபத்து நஷ்ட ஈடு, தொழில் நோய் நஷ்ட ஈடு, அயல்நாட்டுத் தொழிலாளிக்குச் சம உரிமை என மூன்று உடன்பாடுகள் வந்தன. 1934-ல் தொழில் நோய்ப் பட்டியல் விரிவாக்கப்பட்டபோது, கல் தூசியால் வரும் ‘சிலிக்கோசிஸ்’ நோயும் அதில் இடம் பெற்றது. 1952-ல் சமூகப் பாதுகாப்பின் குறைந்தபட்ச அளவுகளும், 1964-ல் வேலைக் காயங்களுக்கென்றே 121-ம் எண் உடன்பாடும் வகுக்கப்பட்டன. மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள தொழிலாளி வேலை செய்ய இயலாது போனால் கூலியில் நூற்றுக்கு 60, அவர் இறந்தால் குடும்பத்துக்கு நூற்றுக்கு 50 என அவ்வுடன்பாடு அளவு குறித்தது. இத்தொகைகள் ஒரே தடவையில் அன்றி, காலந்தோறும் உதவியாக வந்துகொண்டிருக்கவேண்டும் என்பது அதன் கருத்து.

இவற்றுள் தொழில் நோய், சம உரிமை பற்றிய 1925-ம் ஆண்டு உடன்பாடுகளை இந்தியா 1927-லும், 1934-ம் ஆண்டு உடன்பாட்டை 1964-லும் ஏற்றுக் கையொப்பமிட்டது. விவசாயத் தொழிலாளர் பற்றிய 1921-ம் ஆண்டு உடன்பாட்டையும், 1964-ம் ஆண்டின் 121-ம் எண் உடன்பாட்டையும் நாம் ஏற்கவில்லை. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச் சூழல் தொழிலாளியின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என அந்த ஸ்தாபனத்தின் மாநாடு 2022 ஜூன் மாதத்தில் முடிவு செய்தது.

மொத்தத் தொகையா, மாதாந்தர உதவியா என்ற கேள்விக்குக் கிராமத்தில் வாழ்வோர் உடனே விடை சொல்வர். பெரும் தொகை ஒன்று திடீரென வந்தால் உறவினர் வருவர். பழைய கடன் வரும். மூத்த பெண்ணின் திருமணம் வரும். மூன்றாண்டில் பணம் கரைந்து, கைம்பெண் மீண்டும் களை எடுக்கப் போவார். நம் சட்டம் மொத்தத் தொகையையே தருகிறது எனினும், குழந்தைகளின் பங்கையும் தாயின் பங்கையும் தனித்தனியே பிரித்து வங்கியில் வைப்பாக இடும் அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு உண்டு. அவ்வாறு இடும்படி குடும்பத்தார் தாமே கேட்டுக்கொள்வது நலம்.

பொது இன்ஷூரன்ஸ் வழியை நாமும் ஒரு பகுதியில் மேற்கொண்டோம். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டம் 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிற்று. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், மாதச் சம்பளம் ரூ. 21,000 வரை பெறுவோர் இதில் அடங்குவர். முதலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 3.25-ம், தொழிலாளி 0.75-ம் செலுத்துகின்றனர். வேலைக் காயத்தால் முழு ஊனமுற்றால் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 90 பங்கு மாதந்தோறும் வருகிறது. சர்வதேச அளவையும் இது விஞ்சியது. நெடுஞ்சாலையோரத்து ஓட்டல்களிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்வோர் தம் பெயர் இத்திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேட்டு அறிவது நல்லது. இதில் சேர்ந்தவர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின்கீழ்த் தனியே கோர இயலாது. கோரவேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் கிணற்றடியிலும் புளிய மரத்திலும் வேலை செய்பவருக்கு இத்திட்டம் எட்டவில்லை. அவர் இன்றும் 1897-ம் ஆண்டின் பிரிட்டிஷ் வழியில்தான் நிற்கிறார். அவருக்கு வேலை கொடுத்தவரோ பெரும்பாலும் பெரிய முதலாளி அல்லர். இரண்டு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு கடன் வாங்கிக் கிணறு தோண்டும் சிறு விவசாயி. விபத்து ஒன்று நேர்ந்தால் சட்டம் அவர்மீது பதினான்கு இலட்ச ரூபாய்ப் பொறுப்பைச் சுமத்தும். நிலத்தை விற்றாலும் அடைபடாத தொகை அது. அதனால்தான் பஞ்சாயம் கூடுகிறது. முத்திரைத் தாள் வருகிறது. இரு ஏழைக் குடும்பங்களுள் எதை முழுக வைப்பது என்று ஊரார் தீர்மானிக்க வேண்டியதாகிறது. இதற்கு இன்று கையில் உள்ள பரிகாரம், வேலை தொடங்குமுன் பணியாளர் நஷ்ட ஈட்டுப் பாலிசி ஒன்றை எடுத்துக்கொள்வதே. அரசுத்துறைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் இதை விற்கின்றன. வேட்டு மருந்துக்கும் இயந்திர வாடகைக்கும் கணக்குப் பார்க்கும் விவசாயி, இன்ஷூரன்ஸ் பிரிமியத்தையும் கிணற்றுச் செலவோடு சேர்த்துக்கொள்ளவேண்டும். கிணறு ஒப்பந்தமாக விடப்பட்டிருந்தால், மேஸ்திரியிடம் பாலிசி உண்டா என்று கேட்டபின்னரே முன்பணம் கொடுக்கலாம்.

அபாயகரமானது என மத்திய அரசு அறிவிக்கும் தொழில்களில் ஒரே ஒரு தொழிலாளி இருப்பினும் ஊழியர் அரசு இன்ஷூரன்ஸைப் பொருந்தச் செய்யலாம் எனப் புதிய தொகுப்பு வழி வகுத்திருக்கிறது. குவாரியும் கிணறு வெட்டும் தொழிலும் அப்பட்டியலில் ஏறுமாயின் நம் மாவட்டத்துக்குப் பெரும் நன்மை விளையும்.

ஊராட்சியும் ஒரு முதலாளியே

ஊராட்சித் தலைவர்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்கும்படி வேண்டுகிறேன். மேல்நிலைத் தொட்டி கட்டுதல், சாலை போடுதல், சாக்கடை தோண்டுதல் ஆகிய பணிகளை நாம் காண்டிராக்டரிடம் விடுகிறோம். அவருடைய ஆள் சாரத்திலிருந்து விழுந்தால் அது அவர் பாடு என எண்ணுகிறோம். 1923-ம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. தம் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விப்பவரே தொழிலாளிக்கு முதலில் பொறுப்பாளி. கொடுத்த பின் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. உள்ளாட்சி அமைப்பு தன் கடமைகளைச் செய்வதும் அதன் ‘தொழில்’ என்றே கொள்ளப்படும் எனவும் வெளிப்படையாக எழுதிவைத்தது. ஒப்பந்தக்காரர் வழியாக நடக்கும் வேலையின் பொறுப்பு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆகவே வேலை உத்தரவு கொடுக்குமுன் இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகலைக் கோப்பில் வாங்கி வைப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. ஊராட்சி நிதியைக் காக்கும் செயல். 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும் இவ்வகையில் ஒரு முன்மாதிரி காட்டிற்று. வேலையிடத்தில் காயமுற்றவருக்கு இலவச மருத்துவமும், மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்குக் கூலியில் பாதிக்குக் குறையாத படியும் தரவேண்டும் என அது விதித்தது.

நோய் பற்றியும் சில சொற்கள். காயம் கண்ணுக்குத் தெரியும், நோய் தெரியாது. கல் அரைக்கும் ஆலையில் தூசியைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் கெட்டு மூச்சு இரைக்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவர் நாலு இடம் மாறியிருப்பார். முதலாளி ஆலையை மூடிப் போயிருப்பார். பெரும்பாலும் இது காச நோய் என்றே எண்ணப்பட்டு மருந்து தரப்படுவதும் உண்டு. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தூசி நுரையீரல் நோய்களும், பஞ்சுத் தூசி நோயும், ஈய நச்சும், பயிர்களுக்குத் தெளிக்கும் ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகளால் விளையும் நச்சும் இடம் பெற்றுள்ளன. அட்டவணை நோய்க்கு, அது வேலையினால் வந்தது அன்று என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. ஆயினும் எந்த முதலாளி என்று காட்ட முடியாதபோது சட்டம் தடுமாறுகிறது. ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, சிலிக்கோசிஸ் எனச் சான்று பெற்றவருக்கு ரூ. 3 இலட்சமும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் ரூ. 2 இலட்சமும் அரசே கொடுக்க ஏற்பாடு செய்தது. குவாரிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், இருமலோடு வருபவரிடம் ‘என்ன வேலை செய்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டுச் சீட்டில் எழுதிவைத்தால்கூட, பிற்காலத்தில் அது பெரிய சான்றாக உதவும்.

இனி, ஊரை விட்டுச் செல்வோர். 2023 அக்டோபர் 7-ந் தேதி, ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றின. தீபாவளிப் பருவத்தில் கூலிக்குச் சென்றிருந்த தமிழகத்து இளைஞர்கள் பலர் அதில் மாண்டனர். நம் மாவட்டத்து அரூர் வட்டம் அம்மாபேட்டையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இத்தகைய பெரும் விபத்துக்களில் அரசுகள் நிவாரண நிதி அறிவிக்கின்றன. நிவாரணம் வேறு, நஷ்ட ஈடு வேறு. முன்னது அரசின் கருணை. பின்னது வேலை கொடுத்தவரின் கடன். முன்னதைப் பெற்றதனால் பின்னது கழிவதில்லை. வெளி மாநிலத்தில் விபத்து நேர்ந்தால் அங்கேயே சென்று வழக்காட வேண்டுமே என்று அஞ்சிப் பலர் விட்டுவிடுகின்றனர். தொழிலாளியோ வாரிசுகளோ வழக்கமாக வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமே மனுச் செய்யலாம் என்று சட்டம் திருத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அதேபோல, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் பக்கத்துக் கட்டட வேலைக்கு வரும் இளைஞர்களுக்கும் நம் ஊர்த் தொழிலாளிக்கும் இதில் எள்ளளவும் வேறுபாடு இல்லை.

வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு காட்டப்படுமாயின், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் எனப் புதிய தொகுப்பு கூறுகிறது. சர்க்கரை ஆலைக்கு இரவுக் காவல் பணிக்குச் சென்ற வழியில் இறந்த ஒருவரின் வழக்கில், பழைய சட்டத்தையே இவ்வாறு பொருள்கொண்டு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. தொப்பூர்க் கணவாயையும் நெடுஞ்சாலையையும் கடந்து வேலைக்குச் செல்லும் நம் மக்களுக்கு இதன் மதிப்பை விளக்கவேண்டியதில்லை. மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தாயின், மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழோ தொழிலாளர் சட்டத்தின்கீழோ ஏதேனும் ஒன்றில்தான் கோரலாம்.

விபத்து நேர்ந்தவுடன் செய்யத்தக்கவற்றைக் கூறி முடிக்கிறேன். முதலில் மருத்துவமனையில் ‘வேலை செய்யும்போது நேர்ந்தது’ என்று தவறாமல் பதியச் செய்யவேண்டும். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று மேஸ்திரி சொல்லி எழுதவைத்துவிட்டால் பின்னர் மாற்றுவது அரிது. மரணமாயின் போலீசில் புகார் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் பெறவேண்டும். வேலை கொடுத்தவருக்கு விபத்தை எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். வயதுச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை ஆகியன தேவைப்படும். கூலிக்குச் சீட்டு இல்லையே என்று கலங்கவேண்டா. உடன் வேலை செய்தவரின் சாட்சியமும், அவ்வட்டாரத்தில் அதே வேலைக்கு வழங்கும் கூலியும் கணக்கில் கொள்ளப்படும். இக்காலத்தில் கூலியைக் கைப்பேசி வழியே அனுப்புகிறார்களே, அந்த வரவுக் குறிப்பே போதிய சான்று; அதை அழிக்காமல் வைத்திருந்தால் சரி. பழைய சட்டத்தின்கீழ் மனுச் செய்ய விபத்திலிருந்து இரண்டு ஆண்டு தவணை. அத்தனை காலம் காத்திராமல் முதல் மாதத்திலேயே மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தை அணுகுவது நலம். வக்கீல் வைக்க வசதி இல்லாதோர், தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எதுவாயினும், அங்கே கட்டணமின்றி வழக்கறிஞர் அமர்த்தித் தரப்படும். அதற்குரிய மனுவை வெள்ளைத் தாளிலேயே எழுதிக் கொடுக்கலாம். முத்திரைத் தாள் வேண்டியதில்லை.